கண்ணை மூடிப் பார்த்த செவ்வாய்க்கிழமை

ராஜினிக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம். நடக்காததெல்லாம் நடந்துவிட்டதுபோல் கண்முன்னே வந்து நிற்கும். மேசை ஓரத்தில் ஒரு கண்ணாடி டம்ளரைக் கண்டால் போதும். அது விழுந்து சிதறி, யாரோ ஒருவர் காலில் குத்தி, அவரைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடி, அங்கே டாக்டர் இல்லாமல் திரும்பி வருவதுவரை ஒரே மூச்சில் பார்த்துவிடுவாள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியைகள் அவளைக் கனவு காணும் பிள்ளை என்றார்கள். வீட்டில் அக்காமார் பயந்தாங்கொள்ளி என்றார்கள். இந்தப் பழக்கத்தைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடமாகவே வைத்திருக்கிறார்கள் என்பது முப்பத்தெட்டு வயதில்தான் அவளுக்குத் தெரியவந்தது.

கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் நிலையத்துக்கு அவள் மேனேஜர். கடைவரிசையின் கீழ்த்தளத்தில், ஒரு பக்கம் டயர்க் கடையும் மறுபக்கம் பேக்கரியுமாக இருக்கும் சின்ன இடம். சிறுநீரகம் வேலை செய்யாதவர்கள் வாரத்துக்கு மூன்று முறை அங்கே வந்து நான்கு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருப்பார்கள். இரத்தம் ஒரு குழாய் வழியாக வெளியே வந்து, இயந்திரத்தில் சுத்தமாகி, இன்னொரு குழாய் வழியாக உடம்புக்குத் திரும்பும். அதற்குத் தண்ணீர் நிறைய வேண்டும். பின்னறையில் தண்ணீரை வடிகட்டும் இயந்திரம் நாள் முழுக்க முனகிக்கொண்டே இருக்கும்.

நிலையத்தை நடத்தும் டாக்டர் குகன் ஒருநாள் பாதி விளையாட்டாகச் சொன்னார். "ராஜினி, இப்பல்லாம் எங்க போனாலும் ரிஸ்க் மேனேஜ்மெண்ட் இருக்கான்னு கேக்குறாங்க. நீ போய் படிச்சிட்டு வாயேன். உனக்குத்தான் எப்பவும் ஏதாச்சும் ஆயிடும்னு தோணிக்கிட்டே இருக்கே."

அவர் விளையாட்டாகச் சொன்னதை ராஜினி நிஜமாகவே எடுத்துக்கொண்டாள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் பல்கலைக்கழகம் வார இறுதியில் நடத்திய வணிக நிர்வாக முதுகலைப் படிப்பில் சேர்ந்தாள். அதில் அவள் எடுத்த சிறப்புப் பாடம் நிறுவன இடர் மேலாண்மை. ஒரு நிறுவனத்துக்கு எந்தெந்தத் திசையிலிருந்து என்னென்ன கேடு வரலாம், அவை ஒன்றோடொன்று எப்படிக் கைகோக்கும், வருமுன் என்ன செய்யலாம் என்று முழுசாகப் பார்க்கும் படிப்பு.

சனிக்கிழமைக் காலையில் கிள்ளானில் கொமுட்டர் ஏறுவாள். ரயில் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் கண் சொருகிவிடும். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. ஷா ஆலாம், பத்து தீகா, சுபாங் ஜெயா என்று நிலையங்களின் பெயர்கள் நீருக்கடியிலிருந்து யாரோ கூப்பிடுவதுபோல் வந்து போகும். எதிர் சீட்டில் இருப்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பந்தாய் டாலாம் தாண்டியதும் ஆற்றுப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்து ஜன்னலில் நெளியும். கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பூக்கடைகளின் ஈரமான மல்லிகை வாசனைக்குள் நடந்து வகுப்பறைக்குப் போய்ச் சேரும்போதுதான் உடம்பும் மனசும் ஒன்றாகச் சேர்ந்ததுபோல் இருக்கும்.

டாக்டர் ரமணிதான் பாடம் நடத்துவார். பல வருடம் இன்சூரன்ஸ் துறையில் இருந்துவிட்டு ஆசிரியையாக வந்தவர். ஏறத்தாழ ராஜினியின் வயதுதான். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். தமிழ் ஆட்களைக் கண்டால் நடுநடுவே தமிழும் வரும். இரண்டாம் செமஸ்டரின் முதல் நாள் அவர் வகுப்பு விளக்குகளைப் பாதி அணைத்தார்.

"கண்ண மூடுங்க எல்லாரும். இன்னைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை. எந்த செவ்வாய்னு கேக்காதீங்க, இனிமே வரப்போற ஒண்ணு. உங்க கம்பெனி படுத்துடுச்சு. ஏன்னு யோசிக்காதீங்க. முதல்ல உள்ள போய் சுத்திப் பாருங்க."

மற்றவர்கள் கூச்சத்தோடு சிரித்தபடி கண்ணை மூடினார்கள். ராஜினி மூடியதுமே உள்ளே போய்விட்டாள். நிலையத்தின் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. பின்னறை முனகல் இல்லை. அந்த அமைதிதான் முதலில் அவளைத் தொட்டது. குழாயைத் திறந்தாள். ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது, தண்ணீர் வரவில்லை. ஆனால் அறை காலியாக இல்லை. நாற்காலிகள் நிறைய ஆட்கள். ஒருவர் முகமும் அவளுக்குத் தெரியவில்லை. எல்லோரும் கையை நீட்டி வைத்துக்கொண்டு பொறுமையாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சை நிறத்தில் ஏதோ உடுத்திய ஒரு அம்மாள் மட்டும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"தூங்கிட்டீங்களா மேடம்?"

பக்கத்து நாற்காலியில் இருந்த ஜாபர் அலி அவளை எட்டிப் பார்த்தான். விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

"தண்ணி வரல" என்றாள் ராஜினி.

ஜாபர் அலி கீழக்கரைக்காரன். ஒரு வங்கியில் கடன்கள் மூழ்கும் வாய்ப்பைக் கணக்கிடும் வேலைக்காக மூன்று வருடத்துக்கு முன்பு கோலாலம்பூர் வந்தவன். எதையும் எண்ணாகப் பார்த்தால்தான் நிம்மதியாக இருக்கும் அவனுக்கு. செமஸ்டர் முழுக்க இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு நிறுவனத்துக்கு இடர்த் திட்டம் தயாரிக்க வேண்டும், கடைசி வகுப்பில் அதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்றார் ரமணி. ராஜினிக்கு ஜோடியாக ஜாபர் வந்தான். நிலையத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

அடுத்த சனிக்கிழமை கேண்டீனில் உட்கார்ந்து, பச்சை, மஞ்சள், சிவப்புக் கட்டங்கள் போட்ட அட்டவணையை அவன் கம்ப்யூட்டரில் திறந்தான். ஒவ்வொரு கேடும் எவ்வளவு அடிக்கடி வரும், வந்தால் எவ்வளவு அடிக்கும் என்று பார்த்து ஒரு கட்டத்தில் உட்கார வைக்க வேண்டும்.

"தண்ணி கட்டாவறது சரி. இங்க அடிக்கடி நடக்குது, சிவப்புல போட்டுடலாம். ஆனா அந்த முகம் தெரியாத ஆளுங்க சொன்னீங்களே, அவங்கள எந்தக் கட்டத்துல போடுறது?"

"அவங்கள விட்டுட முடியாது ஜாபர். அவங்கதான் இருந்தாங்க. தண்ணி இல்லங்கறத நான் அப்புறம்தான் பாத்தேன்."

"மேடம், டாக்டர் ரமணி கேட்டா கனவுல வந்தாங்கன்னா சொல்ல முடியும்?"

"அவங்கதானே கண்ண மூட சொன்னாங்க?"

அவன் சிரித்துவிட்டான். ஆனாலும் அட்டவணையில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. அந்த முகங்களுக்கு ராஜினி தானாகவே ஒரு அர்த்தம் செய்துகொண்டாள். கிள்ளானில் தண்ணீர் நின்றால் தன் நோயாளிகளை வேறொரு நிலையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அங்கே போனால் அவர்கள்தான் முகம் தெரியாதவர்கள். தான் கண்டது அதுவாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் வேறு ஆற்றுத் தண்ணீரில் ஓடும் ஒரு நிலையத்தோடு இப்போதே பேசி வைக்க வேண்டும்.

பல இடங்களுக்குப் போன் செய்தாள். சிலர் சிரித்தார்கள், சிலர் மேலிடத்தில் கேட்கிறோம் என்றார்கள். டெங்கிலில் ஒரு நிலையத்தை நடத்திய ஷான் மட்டும், "ஓகே லா, நல்ல ஐடியாதான். உங்களுக்குத் தண்ணி போச்சுன்னா இங்க அனுப்புங்க. எங்களுக்குப் போச்சுன்னா நாங்க வரோம்" என்றான். இரண்டாவது வாக்கியத்தை ராஜினி அவ்வளவாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திட்டத்தை முடிப்பதற்கு முன் நிலையத்தை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்றான் ஜாபர். ஒரு வேலைநாளில் லீவு போட்டுவிட்டு வந்தான். மத்தியான நேரம். திரைச்சீலைகளை இழுத்துவிட்டிருந்தார்கள். இளநீல வெளிச்சத்தில் பன்னிரண்டு நாற்காலிகளிலும் ஆட்கள் போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டு உறங்கிக் கிடந்தார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு சக்கரம் மெதுவாகச் சுழன்றது. அதனோடு ஒரு சிவப்புக் கோடு கண்ணாடிபோன்ற குழாய்க்குள் சுற்றிச் சுற்றிப் போனது. பேக்கரியிலிருந்து ரொட்டி வேகும் வாசனை உள்ளே மிதந்து வந்தது. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் வெகுநேரம் நின்றான் அவன்.

"எல்லாரும் சேந்து ஒரே கனவு காணுற மாதிரி இருக்கு மேடம்" என்றான் கிசுகிசுப்பாக.

"கனவ எந்தக் கட்டத்துல போடுறதுன்னு கேட்டது நீங்கதானே?"

அன்று அவன் கேட்ட இன்னொரு கேள்விதான் பின்னால் கைகொடுத்தது. தலைமை நர்ஸ் சிஸ்டர் ருக்கையாவிடம் போய், "முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் இங்க வந்து நின்னா, உடனே அவருக்கு டயாலிசிஸ் பண்ணுவீங்களா?" என்று கேட்டான்.

"எப்படிப் பண்ணறது? மஞ்சக்காமாலை கிருமி இருந்தா தனி மெஷின்ல போடணும். பிளட் ரிசல்ட் பாக்காம யாரையும் உக்கார வைக்க மாட்டேன், தம்பி. கெஞ்சினாலும் மாட்டேன்."

அதன்பிறகு அவன் விடவில்லை. இரண்டு நிலையங்களும் மாதாமாதம் நோயாளிகளின் இரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பகிர்ந்துகொள்வது என்று திட்டத்தில் ஒரு பகுதியை எழுதிச் சேர்த்தான். நோயாளிகளிடம் சம்மதம் வாங்க ராஜினி ஒவ்வொரு நாற்காலியாகப் போனாள். டெங்கில் பக்கம் ஷான் அதையே செய்தான். டாக்டர் குகன், "இவ்வளவு வேலையா? மேல டாங்க் இருக்கே" என்றார். இருந்தாலும் தடுக்கவில்லை.

செமஸ்டர் முடிய ஒரு வாரம் இருக்கும்போது அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

ராஜினி காலையில் நிலையத்தைத் திறந்தபோது பின்னறை வழக்கம்போல் முனகிக்கொண்டிருந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. ஒன்பது மணிக்கு மேல் ஷானின் போன் வந்தது.

"ராஜினி, இங்க தண்ணி இல்ல. ஆத்துல நாத்தம் அடிக்குதுன்னு பிளாண்ட்ட மூடிட்டாங்க. நேத்தே போச்சு. டாங்கும் காலி. காஜாங், பாங்கி எல்லாம் அதே தண்ணிதான், அங்கயும் இல்ல. நேத்து ஷிஃப்ட்டுக்கு எப்படியோ லோரி தண்ணி வாங்கி ஓட்டிட்டேன். இன்னைக்கு லோரி வரல. எட்டுப் பேரு. வேன் ரெடியா நிக்குது. அனுப்பட்டுமா?"

ராஜினி பின்னறைக் கதவைத் திறந்து இயந்திரத்தை ஒருமுறை பார்த்தாள். அது ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை மாதமாக மனக்கண்ணில் நின்றுபோனதாகவே அவள் பார்த்து வந்த இயந்திரம் எதுவும் தெரியாததுபோல் ஓடிக்கொண்டிருந்தது.

"அனுப்புங்க" என்றாள்.

போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தங்கள் ஆட்களை எப்படி அனுப்புவது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். மற்றவர்களை எங்கே உட்கார வைப்பது என்று ஒரு வரியும் எழுதவில்லை. பன்னிரண்டு நாற்காலி, காலையும் மத்தியானமும் நிறைந்திருந்தது.

டாக்டர் குகனைக் கூப்பிட்டாள். அவர் ஷிஃப்ட் நேரங்களைக் கேட்டுக் கணக்குப் போட்டார். "எல்லாருக்கும் நாலு மணி நேரத்த மூணாக்கினா நடுவுல ஒரு ஷிஃப்ட் நுழைச்சிடலாம். ஒரு வாரத்துக்கு அதனால பெருசா ஒண்ணும் ஆகாது, நான் ஒவ்வொருத்தரையும் பாத்து சொல்றேன். ஆனா அவங்க சம்மதிக்கணும் ராஜினி. நம்ம உத்தரவு போட முடியாது. அது அவங்க உடம்பு."

அவள் மறுபடி ஒவ்வொரு நாற்காலியாகப் போனாள். சிலர் கேட்டு முடிக்கும் முன்பே தலையாட்டினார்கள். ஒரு சீனத்துத் தாத்தா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுத் திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டார். ஒருவர், டெங்கில்காரர்களுக்கு அவர்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லையா என்று முணுமுணுத்துவிட்டு, பிறகு சரி என்றார். கடைசி நாற்காலியில் கனகலிங்கம் இருந்தார். ரயில்வேயில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட சட்டையில்தான் வருவார். அவருக்கு இன்னும் ஊசி ஏற்றவில்லை. மடித்த நாளிதழை மடியில் வைத்துக்கொண்டு முறைக்காகக் காத்திருந்தார்.

"நான் ஏன் என்ர மணித்தியாலத்தைக் குடுக்கோணும், பிள்ளை?"

"கொடுக்கணும்னு இல்ல அங்கிள். கேக்கறேன்."

"நாப்பது வருஷம் ரெயில்வேயில இருந்தனான். ஒரு ரெயிலையும் பாதி வழியில நிப்பாட்டி ஆக்களை இறக்கிவிட்டதில்லை. இப்ப எனக்கெண்டு மிஞ்சியிருக்கிறது இந்த நாலு மணித்தியாலம்தான். டைமுக்கு வாறன், டைமுக்குப் போறன். அதையும் வெட்டச் சொல்லிறியோ?"

சிஸ்டர் ருக்கையா ஏதோ சொல்ல வந்தார். ராஜினி கையால் தடுத்தாள். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. இரத்தப் பரிசோதனைக்குச் சம்மதம் கேட்கப் போனபோது எல்லோரிடமும் பேசினாள்தான். ஆனால் விட்டுக்கொடுக்க வேண்டியவர்கள் இவர்களாகவும் இருக்கலாம் என்று அவளே நினைக்காததால், அதை யாரிடமும் கேட்டிருக்கவில்லை.

"சரி அங்கிள். உங்களுக்கு நாலு மணி நேரம். நான் வேற எப்படியாச்சும் பாத்துக்கறேன்."

அவள் நகர்ந்தபோது வெளியே வேன் வந்து நின்றது. ஓட்டுநர் கதவை இழுத்தார். உள்ளேயிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். தண்ணீர் பாட்டிலைக் கட்டிப்பிடித்திருந்த ஓர் இளம்பெண். தடியூன்றிய மலாய்க்காரப் பெரியவர். அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. வெளி வெயிலிலிருந்து நீல வெளிச்சத்துக்குள் வந்த அவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல், ஊசி ஏற்றும் கையை மற்றக் கையால் தாங்கியபடி பொறுமையாக அவளைப் பார்த்தார்கள்.

ராஜினி கதவருகே போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இவர்கள்தான். முகம் ஒவ்வொன்றாக நினைவில் இருந்ததென்று அவளால் சொல்ல முடியாது. ஆனால் அந்த நிற்பும் அந்த வெளிச்சமும் அதேதான். அன்று வகுப்பில் பாதி இருட்டில் கண்டபோது இவர்கள் யார் என்று அவள் தப்பாக அர்த்தம் செய்துகொண்டிருந்தாள். தண்ணீர் போனது இங்கே இல்லை. வேறிடத்துக்கு அனுப்பப்படும் தன் நோயாளிகளின் முகங்களும் இல்லை இவை. இவர்கள் தன் வாசலுக்கு வந்தவர்கள்.

சிஸ்டர் ருக்கையா கம்ப்யூட்டரில் இரத்த முடிவுகளைப் பெயர் பெயராகச் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தார். "எல்லாம் இருக்கு. எட்டுப் பேரையும் எடுத்துக்கலாம். அந்தத் தம்பி நல்லா இருக்கணும்" என்றார்.

கடைசியாக இறங்கிய அம்மாளால் நிற்க முடியவில்லை. கால்கள் வீங்கிப் பளபளத்தன. முகம் ஊதியிருந்தது, பேசும்போது மூச்சு வாங்கியது. பெயர் தெய்வானை. வெளிர்மஞ்சள் சேலை கட்டியிருந்தார், பச்சை இல்லை. "சனிக்கிழமை செய்ய வேண்டியதும்மா. எனக்குக் காய்ச்சல்னு வரல. இன்னைக்கு செஞ்சுக்கலாம்னு இருந்தேன்" என்றார்.

சிஸ்டர் அவர் காலை அழுத்திப் பார்த்தார். விரல் பதிந்த குழி மேலே வரவேயில்லை. "இவங்க வெயிட் பண்ண முடியாது. இப்பவே ஏத்தணும்" என்றார் தணிந்த குரலில். எல்லா நாற்காலியிலும் ஆள் இருந்தது. இன்னும் ஊசி ஏற்றாத ஒரே நாற்காலி கனகலிங்கத்தினுடையது.

கனகலிங்கம் நாளிதழுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தெய்வானையின் மூச்சு அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது. அவர் நாளிதழை நான்காக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"சிஸ்டர், நாளைக்கு இடம் இருக்கோ?"

"நாளைக்கு காலையில ஒண்ணு இருக்கு அங்கிள், ஒருத்தர் ஆஸ்பத்திரில இருக்காரு. ஆனா நீங்க மூணு மணி நேரம் இன்னைக்கே பண்ணலாமே?"

"அரையுங்குறையுமா எனக்கு ஏலாது. நாளைக்கு வாறன், முழுசா நாலு மணித்தியாலம். அதைத் தொடக்கூடாது." சிஸ்டர் அவருடைய இரத்த அழுத்தத்தைப் பார்த்து, எடை பார்த்து, குகனிடம் போனில் பேசினார். நாளை காலைவரை தண்ணீர் அளவாகக் குடிக்க வேண்டும், பழம் கூடாது, மூச்சு முட்டினால் உடனே வர வேண்டும் என்றார். அவர் எல்லாவற்றுக்கும் ஸ்டேஷன் மாஸ்டர்போல் தலையசைத்தார். போகும்போது தெய்வானையைக் குனிந்து பார்த்து, "அந்தக் கதிரையின்ர இடப்பக்கம் கொஞ்சம் சரியும். தலையணையை அதுக்கேத்த மாதிரி வையுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று நிலையம் வேறொரு இடமாக மாறிப்போயிருந்தது. பழைய நோயாளிகள் மூன்று மணி நேரத்தில் எழுந்து புதியவர்களுக்கு இடம் விட்டார்கள். போனவர்களின் உடல் சூடு நாற்காலியில் இருக்கும்போதே அடுத்தவர் உட்கார்ந்தார். பேக்கரிக்காரர் ஒரு தட்டு நிறைய ரொட்டி அனுப்பினார், உப்பில்லாமல். வேனில் வந்த இளம்பெண் தூக்கத்தில் சிரித்தாள். தெய்வானையின் மூச்சு மெதுமெதுவாகத் தணிந்து, கடைசியில் கேட்காமலே போனது. நின்றுவிட்டதோ என்று பதறி ராஜினி ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். அவர் வாய் திறந்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமையும் அவர்கள் வந்தார்கள். டெங்கிலில் இன்னும் தண்ணீர் வரவில்லை. சனிக்கிழமையும் வர வேண்டியிருக்கும் என்றான் ஷான். சனிக்கிழமைதான் கடைசி வகுப்பு. திட்டத்தை எடுத்துச் சொல்ல வேண்டிய நாள். ராஜினி டாக்டர் ரமணிக்குப் போன் செய்தாள்.

"வர முடியாதா? ராஜினி, பிரசெண்டேஷன் மார்க் உங்களுக்குக் கிடைக்காது. எனக்கு வேற வழியில்ல, ரூல்ஸ் அப்படி. புரியுதுல்ல?"

"புரியுது டாக்டர்."

"ஒரு நாள் வேற யாராச்சும் பாத்துக்க மாட்டாங்களா?"

"பாத்துக்குவாங்க. ஆனா நான் இங்க இருக்கணும்."

"சரி, இருங்க" என்றார் ரமணி.

சனிக்கிழமை மத்தியானம் ஜாபர் அழைத்தான். பின்னால் பிரிக்பீல்ட்ஸ் தெருவின் இரைச்சல் கேட்டது.

"முடிச்சிட்டேன் மேடம். முதல்ல அட்டவணையதான் காட்டினேன். அப்புறம் என்னமோ தோணுச்சு. லைட்ட பாதி அணைச்சிட்டு, நீங்க கண்ண மூடினப்ப பாத்தத அப்படியே சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கல."

"டாக்டர் ரமணி?"

"அந்த ஆளுங்களுக்கு ஏன் திட்டத்துல நாற்காலி இல்லன்னு கேட்டாங்க. அதுதான் நாங்க விட்ட தப்புன்னு சொன்னேன். எட்டு மார்க் போயிடுச்சுன்னு நெனைக்கறேன்." அவன் சிரித்தான். "அவங்கெல்லாம் இப்ப அங்க இருக்காங்களா?"

"தூங்கிக்கிட்டு இருக்காங்க."

"சத்தம் போடாம பேசுங்க அப்ப" என்றான், அவன்தான் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தான் என்பதை மறந்து.

சாயங்காலம் வேன் கிளம்பியபோது தெய்வானை, "நீயும் ஒரு தடவ எங்கூட்டுக்கு வாயேன்மா" என்று ராஜினியின் கையைப் பிடித்தார். வாராவாரம் ரயிலில் போகும் நாளில், வேனில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள் ராஜினி. நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம் வந்தது. ஒரே மாதிரி வரிசைகள் திறந்து மூடித் திறந்து மூடிப் போயின. வரிசைகளுக்கு இடையே ஊதா நிறத்தில் மாலை தேங்கியிருந்தது. வேனில் இருந்த எல்லோரும் தூங்கிவிட்டார்கள். தெய்வானையின் தலை அவள் தோளில் சாய்ந்தது. அந்த எடையோடு, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே, அவளும் பாதி தூங்கினாள். முன்னால் வரப்போவது எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அது அவளுக்குப் புதுசாக இருந்தது.

மற்றவர்களை வழியில் ஒவ்வொருவராக இறக்கிவிட்டு, கடைசியாகத் தெய்வானையின் குடியிருப்பான தாமானுக்குள் வேன் நுழைந்தபோது கண்ணாடியில் முதல் துளி விழுந்தது. அடுத்த நிமிடம் மழை கொட்டியது. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். தெருவில் ஒவ்வொரு வீட்டுக் கதவும் திறந்தது. வாளி, பேசின், சோற்றுப் பானை, ஐஸ் பெட்டி, குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி என்று கையில் கிடைத்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு ஆட்கள் வெளியே ஓடி வந்தார்கள். கூரை ஓரங்களில் வரிசையாக வைத்தார்கள். தகரத்தில் ஒரு சத்தம், பிளாஸ்டிக்கில் ஒரு சத்தம், நிறைய நிறைய ஒவ்வொன்றும் சுருதி இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு பையன் தலையை அண்ணாந்து வாயைத் திறந்துகொண்டு நின்றான்.

தெய்வானையைத் தாழ்வாரத்தில் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு ராஜினி திரும்பினாள். பக்கத்து வீட்டு மலாய்ப் பெண் அவளை யாரென்றும் கேட்கவில்லை. நிறைந்துவிட்ட ஒரு வாளியின் காதை அவள் பக்கம் நீட்டி, இன்னொரு காதைத் தானே பிடித்துக்கொண்டாள்.

"மேடம், கிள்ளான் ரோடு ஜாம் ஆயிடும், போலாமா?" என்று ஓட்டுநர் வேனிலிருந்து கூப்பிட்டார்.

"ஒரு நிமிஷம் அண்ணே, இருங்க" என்றாள் ராஜினி. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வாளியின் காதைப் பிடித்துத் தூக்கினாள்.